ஊருக்கு வைத்தியம் பார்ப்பவருக்கு யார் உரிமம் தருவது?

கேள்வி: நான் பி.எஸ்சி. விலங்கியல் முடித்து, பிறகு எம்.பி.எச். என்னும் பொதுச் சுகாதார முதுகலைப் பட்டம் வாங்கியவள். இப்போது ஒப்பந்த அடிப்படையில், மாவட்ட அளவில் நோய்க் கண்காணிப்பு வேலையில் இருக்கிறேன். போன மழைக்காலத்தில் டெங்கு ஏறியபோது, ஒரு பேரூராட்சியில் எந்தெந்தத் தெருக்களில் முதலில் ஆள் இறங்க வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தேன். ஆய்வுக் கூட்டத்தில் ஒருவர், "நீங்க டாக்டரா? அப்புறம் எப்படி முடிவு சொல்றீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தால் தம்பி வேறு, "அக்கா, உன்னையும் போலி டாக்டர்னு பிடிச்சிட்டுப் போகப் போறாங்க" என்று கிண்டல் செய்கிறான்.

நர்ஸுக்குக் கவுன்சில் இருக்கிறது, பார்மஸிஸ்டுக்கு இருக்கிறது, பிசியோதெரபிஸ்டுகளும் 2021 சட்டத்தில் வந்துவிட்டார்கள் என்கிறார்கள். அந்தச் சட்டத்தில் எங்களுக்கு இடம் உண்டா? 'எபிடமியாலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறதா? மருத்துவம் படிக்காத எங்களை அரசு முறைப்படுத்துவது எங்களுக்கு நல்லதா, இல்லை எங்களை வெளியே தள்ளத்தான் அது வழி செய்யுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

தம்பியின் கிண்டலை முதலில் தீர்த்துவிடலாம். 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், தன் 34-ஆம் பிரிவில் நான்கு காரியங்களைத் தடுக்கிறது. மருத்துவப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் மருத்துவராகத் தொழில் செய்யக்கூடாது. மருத்துவர் பதவி வகிக்கக்கூடாது. மருத்துவச் சான்றிதழில் கையெழுத்துப் போடக்கூடாது. மருத்துவ நிபுணர் என்று நீதிமன்றத்தில் சாட்சி சொல்லக்கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எந்தத் தெருவில் கொசுப்புழு அதிகம், காய்ச்சல் எந்த வாரம் ஏறியது, எந்தத் தொட்டிக்கு முதலில் குளோரின் போட வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்வது இந்த நான்கில் எதிலும் சேராது. நோயாளிக்கு நீங்கள் மருந்து எழுதிக் கொடுக்காதவரை, ஒருவரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து "உங்களுக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்க" என்று சொல்லாதவரை, யாரும் உங்களைப் போலி மருத்துவர் என்று பிடிக்க முடியாது.

சட்டம் உங்களைத் தடுக்கவில்லை என்பது சரி. ஆனால் உங்கள் பக்கம் நிற்கவும் எந்தச் சட்டமும் இல்லை. உங்கள் கடிதத்தில் கனமான விஷயம் அதுதான்.

2021 சட்டத்தில் உங்கள் இடம்

நீங்கள் கேட்கும் சட்டம், துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். 2021 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அதன் அட்டவணையில் பத்துப் பிரிவுகளின் கீழ் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் வரிசையாக இருக்கின்றன. லேப் டெக்னாலஜிஸ்ட், ரேடியாலஜி, பிசியோதெரபி, டயட்டீஷியன் எல்லாம் உண்டு. சமூகப் பராமரிப்பு என்ற பிரிவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அலுவலர், சூழலியலாளர், சமுதாய நலவாழ்வு ஊக்குநர், தொழிலிட நலம் மற்றும் பாதுகாப்பு ஆய்வாளர் ஆகியோர் வருகிறார்கள். நோய்ப்பரவலியல் வல்லுநர் என்றோ, எம்.பி.எச். பட்டதாரி என்றோ அந்த அட்டவணையில் தனி வரி கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அதே சட்டம் 'நலவாழ்வுத் தொழில் வல்லுநர்' யார் என்று சொல்லும் இடத்தில் வாசல் அகலமாகத்தான் இருக்கிறது. ஆராய்பவர், ஆலோசனை சொல்பவர், மேற்பார்வை செய்பவர், நோய்த்தடுப்பு மற்றும் நலவாழ்வு மேம்பாட்டுச் சேவை தருபவர் எல்லாரும் அதற்குள் அடங்குவார்கள். நீங்கள் பார்க்கும் வேலையே அதுதான். ஆனால் அடுத்த வரியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: மூன்று முதல் ஆறு ஆண்டுகளில், குறைந்தது 3600 மணி நேரம் படித்த பட்டம் வேண்டும். எம்.பி.எச். இரண்டாண்டுப் படிப்பு. விலங்கியல், சமூகப்பணி, பல் மருத்துவம், புள்ளியியல் என்று பல துறைகளிலிருந்தும் வந்து சேர்பவர்களுக்கு மேல்படிப்பாக அமைந்தது. ஒரே பாதையில் வந்தவர்களை அளக்கச் செய்த அளவுகோல் அது. பல பாதைகளில் வந்து கூடிய உங்களுக்குப் பொருந்தாது.

ஆகவே இன்றைக்கு உங்களுக்குக் கவுன்சில் இல்லை, பதிவு எண் இல்லை. 'எபிடமியாலஜிஸ்ட்' என்ற பட்டப்பெயரை யார் போட்டுக்கொள்ளலாம் என்று வரையறுக்கும் சட்டமும் இல்லை. முறையாகப் படித்து அந்த வேலையைப் பார்க்கும் நீங்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். பக்கத்திலேயே எம்.பி.எச். என்றும் எழுதுங்கள். நாளைக்கு முனைவர் பட்டம் வாங்கினால், மக்களைச் சந்திக்கும் இடங்களில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று மட்டும் போடாமல், பின்னால் பிஎச்.டி. என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வரிசையில் நிற்கும் அம்மாவுக்கு உங்களைப் பார்த்துக் குழப்பம் வரக்கூடாது.

கூட்டத்தில் கேட்ட கேள்வி

டெங்குப் பட்டியலில் ஒவ்வொரு நோயாளியின் வரியிலும் இரண்டு தேதிகள் இருக்கும்: காய்ச்சல் தொடங்கிய நாள், ரத்தம் எடுத்த நாள். அவசரத்தில் இரண்டாவது தேதியை வைத்து வரைபடம் போட்டால், நோய் ஏறி இறங்கிய கதையே சில நாள் தள்ளிப்போய்விடும். ஞாயிற்றுக்கிழமை லேப் இயங்காத ஊராக இருந்தால், திங்களன்று இல்லாத ஏற்றம் ஒன்று எழுந்து நிற்கும். முகவரியிலும் இதே சிக்கல் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ், பகலில் கடிக்கும் கொசு. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால், அவர் வீட்டு முகவரி மட்டும் போதாது. பகல் முழுக்க அவர் நிற்கும் கடையின் முகவரியும் வேண்டும்.

கொசுப்புழுக் கணக்குக்கு வருவோம். 100 வீடுகளைப் பார்த்ததில் 4 வீடுகளில் புழு இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் குறியீடு 4. இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் "பரவாயில்லையே" என்று அடுத்த ஊருக்குப் போய்விடுவார். ஆனால் அந்த நாலு வீடுகளிலும் சேர்த்து 22 பாத்திரங்களில் புழு நெளிந்திருந்தால் பிரெட்டோ குறியீடு 22. பழைய டயரோ, மூடாத டிரம்மோ ஓரிரு இடங்களில் குவிந்து கிடக்கிறது என்று அர்த்தம். தெரு முழுக்கப் புகை அடிப்பதைவிட, அந்த நாலு வீட்டுக்குள் நுழைந்து தண்ணீரைக் கொட்டுவதுதான் அங்கே வேலை.

இந்தக் கைப்பழக்கம் எம்.பி.பி.எஸ். படித்தால் தானாக வந்துவிடாது. மருத்துவர்களான எங்களையே அரசு அப்படியே சுகாதார அலுவலராக உட்கார வைக்கவில்லை, டி.பி.எச். என்ற பொதுச் சுகாதாரப் பட்டயமும் வேண்டும் என்றது. மருத்துவப் படிப்பு ஒன்று, ஊர் நலம் காக்கும் படிப்பு வேறொன்று என்பதைத் தமிழ்நாடு அப்போதே ஒப்புக்கொண்டுவிட்டது. அதேபோல, காய்ச்சல் விட்ட பிறகு ரத்த அழுத்தம் சரியும் நோயாளியை அடையாளம் காண்பது மருத்துவரின் வேலை. அதில் நீங்கள் தலையிட முடியாது. அடுத்த முறை அந்தக் கேள்வி வந்தால், "டாக்டர் இல்லைங்க சார். இந்தப் பட்டியல் எப்படி வந்தது என்று வரிவரியாகக் காட்டுகிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்" என்று சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டிய பதில் இல்லை அது.

படிப்பும் அதிகாரமும்

ஊர் நலத்தில் நடக்கும் தவறு, மருத்துவமனைத் தவறைப் போல ஒரு நோயாளியோடு நிற்பதில்லை. யார் மேல் விழுந்தது என்பதும் சட்டென்று தெரிவதில்லை. இங்கிலாந்தின் எட்வின் சாட்விக் சட்டம் படித்தவர், மருத்துவர் அல்லர். 1842-ல் உழைக்கும் மக்களின் சுகாதார நிலை பற்றி அவர் தந்த அறிக்கைதான் 1848-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்துக்கு அடித்தளம். துர்நாற்றமே நோய்க்குக் காரணம் என்று நம்பிய அதே சாட்விக், லண்டனின் சாக்கடைகளைத் தேம்ஸ் ஆற்றுக்குள் கழுவிவிடச் செய்தார். அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களிடையே காலரா பரவ அது வழி செய்தது. அந்தக் காலத்து மருத்துவர்களில் பெரும்பாலானோரும் துர்நாற்றக் கொள்கையைத்தான் நம்பினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் நாட்டுக் கதை இன்னும் கடுமையானது. பம்பாயில் பிளேக் பரவியபோது அவசரமாக வந்தது 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். நடவடிக்கை எடுக்க 'எந்த நபருக்கும்' அதிகாரம் தரலாம் என்கிறது அது. அந்த நபருக்கு என்ன தகுதி வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. புனேயில் பிளேக் குழுவின் தலைவராக ரேண்ட் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி வந்தார். சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்து சோதித்தார்கள்; மக்களின் கோபம் முற்றி, 1897 ஜூன் 22-ல் சாபேகர் சகோதரர்கள் அவரைச் சுட்டார்கள். அந்தக் குழுவில் ராணுவ மருத்துவர் ஒருவரும் இருந்தார் என்பதை மறக்கக்கூடாது. மருத்துவப் பட்டம் அங்கே யாரையும் காப்பாற்றவில்லை. குழு வரம்பு மீறினால் மக்கள் போய் முறையிட ஓர் இடம் இல்லாததுதான் அங்கே குறை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம்மிடம் இருக்கிறது. ஓட்டலுக்குள் நுழைந்து மாதிரி எடுக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். அவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. உணவுத் தொழில்நுட்பம், பால்வளம், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், வேளாண்மை என்று எந்தெந்தப் பட்டங்கள் செல்லும் என்பதை விதியே பட்டியலிடுகிறது. மருத்துவப் பட்டமும் அதில் ஒன்று, அவ்வளவுதான். அதற்கு மேல் தனிப் பயிற்சியும் முடிக்க வேண்டும். எடுத்த மாதிரியை நான்கு பாகமாகப் பிரிக்க வேண்டும். கடைக்காரர் கேட்டால் ஒரு பாகம் அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்குப் போகும். வேண்டுமென்றே தொல்லை கொடுக்கும் நோக்கில் பொருளைப் பறிமுதல் செய்தது நிரூபணமானால், அலுவலருக்கே ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். என்ன படித்திருக்க வேண்டும், எதுவரை போகலாம், மீறினால் என்ன ஆகும் என்ற மூன்றும் அங்கே எழுத்தில் இருக்கின்றன. மருத்துவம் படிக்காதவரை முறைப்படுத்துவது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்த காலத்திலிருந்தே களத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் மருத்துவர்கள் அல்லர். சுகாதார ஆய்வாளர் அதற்கென்ற படிப்பை முடித்து, பணி விதிகளுக்குள் வேலை பார்க்கிறார். மண்டலப் பூச்சியியல் குழுக்களில் விலங்கியல் படித்தவர்கள் கொசுவை இனம் பிரிக்கிறார்கள். அரசு வேலை விதிகள் அவர்களை ஓரளவு முறைப்படுத்திவிட்டன. உங்களைப் போல ஒப்பந்தத்தில் வருபவர்கள்தான் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறீர்கள்.

பிரிட்டனில் என்ன நடந்தது

இதே கேள்வியை நீண்ட காலம் அலசிய நாடு அது. 1847-ல் லிவர்பூல் நகரம் டங்கன் என்ற மருத்துவரைத் தன் சுகாதார அலுவலராக நியமித்தபோது, அவரோடு சேர்ந்து வேலை செய்தவர்கள் நியூலண்ட்ஸ் என்ற பொறியாளரும் ஃபிரெஷ் என்ற சுகாதார ஆய்வாளரும். சாக்கடைக் குழாய் பதித்தது பொறியாளர். ஆனாலும் தலைமை நாற்காலி நெடுங்காலம் மருத்துவருக்கே என்று இருந்தது. 1999-ல்தான் அரசு தன் கொள்கை அறிக்கையில் மருத்துவர் அல்லாதவர்களுக்கும் உயர்நிலைப் பதவியைத் திறந்துவிட்டது. 2003-ல் அவர்களுக்காகத் தன்னார்வப் பதிவேடு ஒன்று உருவானது.

தன்னார்வம் போதாது, சட்டப்பூர்வப் பதிவு வேண்டும் என்று 2010-ல் கேப்ரியல் ஸ்காலி என்ற பொதுச் சுகாதார வல்லுநர் அரசுக்கு அறிக்கை தந்தார். 2012-ல் அரசும் ஒப்புக்கொண்டது. அதன் பிறகு கலந்தாய்வு, வரைவு என்று இழுத்து, கடைசியில் சட்டம் வரவே இல்லை. இன்றும் அது தன்னார்வப் பதிவேடுதான். ஆனாலும் வேலை நடக்கிறது. காரணம், உள்ளாட்சியில் பொதுச் சுகாதார இயக்குநர் பதவிக்கு வருபவர் மருத்துவர், பல் மருத்துவர் பதிவேடுகளிலோ இந்தப் பதிவேட்டிலோ இருந்தாக வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். சேர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சேராதவருக்கு நாற்காலி கிடைக்காது. பட்டத்தை மட்டும் பார்க்காமல், ஒருவர் செய்த வேலைகளின் தொகுப்பை வைத்துத் தகுதியை எடைபோடவும் அங்கே வழி இருக்கிறது. பல பாதைகளில் வந்தவர்களுக்கு ஏற்ற அளவுகோல் அதுதான். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டையும்.

வெளியே தள்ளுமா?

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. கவுன்சில் அமைத்து, அதில் மருத்துவர்களே பெரும்பான்மையாக உட்கார்ந்து, கட்டணம் வைத்து, மானுடவியலும் புள்ளியியலும் படித்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டால், இந்தத் துறை பலமிழந்து போகும். குறைந்த சம்பளத்தில் கிராமத்துத் திட்டங்களில் வேலை செய்யும் எல்லாரையும் பதிவு செய்யச் சொல்வதும் வீண். யாருடைய கையெழுத்து ஊருக்கே உத்தரவாகிறதோ, யாருடைய எண்ணை நம்பிப் பணமும் ஆளும் நகர்கின்றனவோ, அந்தப் பதவிகளுக்கு மட்டும் பதிவு கட்டாயமாக இருக்கட்டும். 2017-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை மாநிலங்களில் பொதுச் சுகாதார மேலாண்மைப் பணிநிலையை அமைக்கச் சொன்னது. 2022-ல் மத்திய அரசு அதற்கான வழிகாட்டியும் வெளியிட்டது. அந்தப் பதவிகளை உருவாக்கும்போதே பதிவையும் தகுதி நிபந்தனையாக எழுதிவிடலாம்.

பதிவு வேண்டும் என்று நான் சொல்வதற்கு முக்கியமான காரணம் வேறு. மழைக்காலத்தில் பத்திரிகைகளில் 'மர்மக் காய்ச்சல்' என்று செய்தி வருவதைப் பார்த்திருப்பீர்கள். பல நேரம் அதில் மர்மம் ஒன்றும் இருக்காது. இன்ன காய்ச்சல் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள யாரோ தயங்கியிருப்பார்கள். "இந்த வார எண்ணிக்கையைக் கொஞ்சம் பார்த்துப் போடும்மா" என்று மேலிருந்து ஒரு குரல் வந்தால், ஒரு மருத்துவர் "என் பதிவு போயிடும் சார், என்னால் முடியாது" என்று சொல்லித் தப்பலாம். உங்களால் அப்படிச் சொல்ல முடியாது. உங்களுக்கு இருப்பது அடுத்த முறை புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தம் மட்டும்தான், அதைப் புதுப்பிப்பவரும் அதே மேலதிகாரிதான். வேலை கொடுத்தவரைத் தவிர வேறு யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒருவர் தரும் எண்ணை ஊர் எப்படி நம்பும்? பதிவேடு உங்கள் மேல் ஒரு கட்டுப்பாடு என்பது உண்மை. அந்தக் கட்டுப்பாட்டைக் காட்டித்தான் மற்றவர்களின் நெருக்கடிக்கு மறுப்பும் சொல்ல முடியும்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

நீங்கள் தரும் ஒவ்வொரு அறிக்கையிலும் தகவல் எங்கிருந்து வந்தது, எந்தத் தேதி வரைக்கானது, எந்த வரையறைப்படி எண்ணினீர்கள் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எண்ணைத் திருத்தச் சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். திருத்தினால் பழைய எண்ணையும் கோப்பில் விட்டுவையுங்கள். செய்த வேலைகளைத் தேதியோடு தொகுத்துவாருங்கள். பதிவேடு வந்தால் உங்கள் தகுதிக்கு அதுவே சான்று. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் போன்ற இடங்களில் பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. 2021 சட்டத்தின் அட்டவணையைத் திருத்த மத்திய அரசுக்கு வழி இருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் சேர்ந்து அதற்கு மனுக் கொடுங்கள். மனுவில் சம்பளம், பணி நிரந்தரம் எல்லாம் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் எங்கள் மேல் புகார் வந்தால் விசாரிக்க, எங்கள் மேலதிகாரிகள் இல்லாத ஒரு குழு வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாக வையுங்கள். எந்தத் தொழிலாரும் அரசிடம் சலுகை கேட்பார்கள். தங்களை விசாரிக்க ஆள் வேண்டும் என்று தாங்களாகவே வந்து கேட்பவர்களைத் தட்டிக்கழிக்க அரசுக்குக் காரணம் கிடைப்பது கஷ்டம்.